இரண்டாவது கையெழுத்து

ஜூன் 4

அண்ணனுக்கு,

உனக்கு முன்னால் இதைப் படிக்கப்போகும் அலுவலருக்கும் வணக்கம். போன முறை அவரை விட்டுவிட்டேன் என்று நீ சொன்னாய்.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. கேன்டீனில் அவளைக் காய்கறி நறுக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள், உட்கார்ந்தே வேலை பார்க்கலாம்.

என் வேலையில் ஒரு கூத்து நடந்தது. எங்கள் தையல்கூடத்துக்கு, சட்டையும் பேன்ட்டும் ஒன்றாக இருக்கிற ஓவரால் அறுபதுக்கு ஆர்டர் வந்தது. ஆரஞ்சு நிறம், மார்பில் எண், முதுகில் பெரிய எழுத்தில் 'கைதி'. கட்டிங் மாஸ்டர் துணியை விரித்ததும் நீதான் ஞாபகத்துக்கு வந்தாய். யாருக்கு என்று கேட்கவில்லை. நான் என்றைக்கு எதைக் கேட்டேன். பாக்கெட் வைப்பது என் வேலை. இருபது உடுப்புக்கு இரண்டிரண்டு பாக்கெட் வைத்து, வாயையும் சேர்த்துத் தைத்து மூடிவிட்டேன். உன் சட்டையில் அப்படித்தானே இருக்கிறது.

செக்கிங் அக்கா ஒவ்வொரு உடுப்பையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சீட்டில் கையெழுத்துப் போடுவார். பாக்கெட்டில் கையை விட்டார். போகவில்லை.

"ஏம்மா, இது பாக்கெட்டா, ஒட்டுத்துணியா?"

ஜெயில் உடுப்புக்குப் பாக்கெட் இருக்காது என்று சொன்னேன். யார் சொன்னது என்றார். சினிமாவில் பார்த்தேன் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம்தான் தெரிந்தது, அது ஜெயிலுக்கு இல்லை. ஜெயில் மாதிரியே கட்டிய ஒரு காக்டெயில் பாருக்கு. வருகிறவர்கள் கைதி உடுப்பு போட்டுக்கொண்டு, பாட்டிலைப் பாக்கெட்டில் ஒளித்து, வார்டன் வேடக்காரரை ஏமாற்றி உள்ளே கொண்டுபோக வேண்டுமாம். அதுதான் விளையாட்டு. பாக்கெட் இல்லாவிட்டால் விளையாட்டே இல்லை. நாற்பது பாக்கெட்டையும் பிளேடால் பிரித்துத் திரும்பத் தைத்தேன்.

பார்க்காரர்கள் சந்தோஷப்பட்டு, தைத்த ஆறு பேரையும் ஒரு மதியம் வரச் சொல்லியிருக்கிறார்கள். பதினெட்டு ஆகாதவர்களுக்கு மணிக்கட்டில் பச்சை நாடா கட்டி, மது இல்லாத பானம் மட்டும் தருவார்களாம். ஆனால் நாள் இரண்டாவது சனிக்கிழமை, இரண்டு மணி. உன்னைப் பார்க்க வருகிற அதே நேரம். அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிறேன் என்று சொல்லித்தான் மாதாமாதம் அரை நாள் லீவு எடுக்கிறேன். இந்த முறை கேட்டதற்கு, "ஒரு மாசம் உங்கம்மா தனியாப் போய்ட்டு வரட்டும். நீயும் நாலு பேரோட சிரிச்சுப் பழகு" என்று செக்கிங் அக்கா சொல்லிவிட்டார். நானும் தலையை ஆட்டிவிட்டேன். என்ன செய்ய, எழுது.

உன் முன்விடுதலைக்காக நீ அனுப்பிய தாள் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள். குடும்பத்தைச் சேராத, வேலையில் இருக்கிற ஒருவர் உனக்குப் பொறுப்பேற்றுப் போட வேண்டிய இரண்டாவது கையெழுத்துக்கு ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஜூலை 15 வரை நேரம் இருக்கிறது.

சுண்டு


ஜூன் 10

சுண்டுவுக்கு,

அலுவலர் உன் வணக்கத்தை ஏற்றுக்கொண்டார். உன் கையெழுத்து நன்றாக இருக்கிறதாம். என்னுடையதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளே வருவதற்கு வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்களா? எங்கள் பிளாக்கில் இடம் இருக்கிறது, அனுப்பி வை. பக்கத்துக் கட்டில்காரனுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "வெளிய போகவும் விடுவாங்களாமா?" என்று கேட்டான். விடுவார்கள், இரண்டு மணி நேரத்தில் என்றேன். "அப்ப அது ஜெயில் இல்லை, பஸ் ஸ்டாண்டு" என்றான்.

பாக்கெட் விஷயத்தில் நீ செய்ததுதான் சரி. இங்கே யாருக்கும் திறந்த பாக்கெட் கிடையாது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் முதல் மாதம் போயிற்று.

இப்போது கேட்டதற்குப் பதில். போகாதே. ஜெயில் வேடத்துக்காகச் சொல்லவில்லை, அது யாரோ செய்கிற கோமாளித்தனம். பார் என்பதற்காகச் சொல்கிறேன். பச்சை நாடா, சிவப்பு நாடா எல்லாம் எனக்குத் தெரியாது. அன்றைக்கு நானும் நாலு பேரோடு சிரித்துப் பழகத்தான் போனேன். திரும்பும்போது கம்பெனி வேனை நான்தான் ஓட்டினேன். சைக்கிளில் வந்தவருக்கு வலது கால் போயிற்று. இது உனக்குத் தெரிந்த கதை. இருந்தாலும் எழுதுகிறேன்.

இன்னொன்று. போன மாதம் அம்மா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். உன் தையல்கூடத்தில் நான் கப்பலில் வேலை செய்கிறேனாமே. கோபம் இல்லை. என்ன கப்பல், எந்தத் துறைமுகம் என்று மட்டும் எழுதிவிடு. யாராவது கேட்டால் நானும் மாற்றிச் சொல்லக் கூடாது இல்லையா.

அந்தக் கையெழுத்தைக் கேட்க உனக்குக் கஷ்டம் என்றால் சொல்லிவிடு. வெளியே வருகிறவர்களை ஆறு மாதம் வைத்துக்கொள்ளும் விடுதி ஒன்று இருக்கிறது. வீட்டு முகவரிக்குப் பதில் அதை எழுதினால் இரண்டாவது கையெழுத்தே வேண்டாம். வீட்டுக்குத்தான் வர முடியாது.

அண்ணன்


ஜூன் 16

அண்ணனுக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. சனிக்கிழமை போய்விட்டேன். நீ போகாதே என்று எழுதியிருப்பதைப் போய்வந்த பிறகு படித்தேன். முன்னாலேயே வந்திருந்தால் போகாமல் இருந்திருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

அம்மா தனியாக வந்ததைப் பார்த்து நீ ஒன்றும் கேட்கவில்லையாம். தண்ணீர் குடித்தாயாம். அம்மா அதை மட்டும் சொன்னாள்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். படிக்கட்டில் கீழே இறங்க வேண்டும். இரும்புக் கதவு, அதில் சின்ன ஜன்னல். பெண்களுக்குத் தனி அறை, அங்கே சொந்த உடுப்புக்கு மேலேயே ஓவராலைப் போட்டுக்கொண்டோம். எனக்கு வந்தது நான் தைத்ததுதான், பிரித்த இடத்தில் ஊசித்துளைகள் தெரிந்தன. ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன பாட்டில் கொடுத்தார்கள். எனக்கு மட்டும் இஞ்சிச் சாறு. பக்கத்து மெஷின் நெட்டை தன் பாட்டிலைக் கொண்டைக்குள் வைத்துக்கொண்டாள். பொத்தான் போடுகிற அக்கா சாக்ஸுக்குள்.

வரிசையில் நான் நான்காவது. மேஜைக்குப் பின்னால் வார்டன் தொப்பியோடு ஒருவர் நின்றார். மேஜையில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. "இருக்கிறதெல்லாம் தட்டுல போடு" என்று அதட்டினார். வேடத்துக்குத்தான் அதட்டினார், எனக்குத் தெரியும். ஆனால் தட்டைப் பார்த்ததும் கை தானாகப் போய்விட்டது அண்ணா. ஹேர்பின்னைக் கழற்றினேன். தோட்டைக் கழற்றினேன். செருப்பைக் கழற்றி அடியோடு அடி தட்டிக் காண்பித்தேன். முடியைத் தூக்கிப் பின்கழுத்தைக் காண்பித்தேன். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினேன். உள்ளங்கை, புறங்கை. இஞ்சிச் சாறு பாட்டிலையும் நானே எடுத்துத் தட்டில் வைத்துவிட்டேன்.

"பாப்பா, அதை நீ ஒளிச்சு வைக்கணும்" என்றார் அவர். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் இன்னும் கையை நீட்டிக்கொண்டே நின்றேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "போதும்மா, உள்ள போ" என்றார். பாட்டிலையும் கையில் கொடுத்தார்.

உள்ளே கம்பி போட்ட அறைகள், தகரக் குவளைகள். கலந்து கொடுக்கிறவரும் கைதி வேடம்தான். எல்லாரிடமும் என்ன குற்றம் செய்தாய் என்று கேட்டுவிட்டுத்தான் குவளையைக் கொடுத்தார். நெட்டை, மாமியாரின் தூக்கத்தைத் திருடினேன் என்றாள். பொத்தான் அக்கா, பக்கத்து வீட்டு வைஃபையைத் திருடினேன் என்றார். நான் ஒன்றும் செய்யவில்லை என்றேன். இங்கே எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்று அவர் சொன்னதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு எலுமிச்சை, புதினா, அந்த இஞ்சிச் சாறு. மற்றவர்களுடைய குவளை மேல் கண்ணாடி மூடியைக் கவிழ்த்து உள்ளே புகை விட்டார்கள். மூடியைத் தூக்கியதும் புகையோடு சேர்ந்து அந்த இன்னொரு வாசனையும் வந்தது. அது எனக்குத் தெரியும். போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த பையில் இருந்த உன் சட்டையை நான்தான் துவைத்தேன். இரண்டு தரம் துவைக்க வேண்டியிருந்தது. பார் எப்படிப்பட்ட இடம் என்று நீ எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

ஓரத்தில் சின்னக் கூண்டுகள். நடுவில் கண்ணாடி, இரண்டு பக்கமும் டெலிபோன், நாம் பேசுகிற மாதிரியே. கூட்டம் இல்லாத இடம் என்று அங்கே போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், அது உன் பக்கம். பார்க்க வருகிறவர் பக்கத்தில், தலைக்கு மேல், ஒரு கடிகாரம். உள்ளே இருக்கிறவருக்கு அது தெரியும், வந்தவருக்குத் தெரியாது. நீயும் எப்போதும் என் தலைக்கு மேலேதான் பார்க்கிறாய். அங்கேயும் கடிகாரம் இருக்கிறதா? இத்தனை நாள் அதற்கு வேறு காரணம் என்று நினைத்திருந்தேன்.

எதிரே வந்து உட்கார்ந்தது செக்கிங் அக்கா. டெலிபோனை எடுத்தார். நானும் எடுத்தேன்.

"கப்பல்லயும் இப்படித்தான் சோதனை பண்ணுவாங்களா?" என்று கேட்டார்.

நான் டெலிபோனை வைத்துவிட்டேன். நாலு மணிக்கு உடுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினோம்.

நீ என்ன கப்பல் என்று கேட்டிருக்கிறாய். பெயர் வைக்கவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், வீட்டில் சம்பாதிக்க வேறு யாரும் இல்லையா என்று கேட்டார்கள். வாயில் வந்தது கப்பல்தான். கேலி செய்ய உனக்கு இதுதான் கிடைத்ததா?

சுண்டு


ஜூன் 24

சுண்டுவுக்கு,

கப்பலைப் பற்றி எழுதியது தப்பு. எழுதும்போதே தெரிந்தது, ஆனால் இங்கே ஒரு தாள்தான் கொடுப்பார்கள், அடித்து எழுத முடியாது. பாரைப் பற்றி எழுதியதும் அப்படித்தான். சட்டையைத் துவைத்தவளுக்கு நான் புத்தி சொல்லியிருக்கிறேன்.

நீ கேட்ட கடிகாரம். இங்கே பார்வை அறையில் கடிகாரமே இல்லை. உன் தலைக்கு மேல் இருப்பது வெறும் சுவர், பச்சை பெயின்ட், ஒரு இடத்தில் உரிந்திருக்கிறது. வேறு காரணம் என்று நீ நினைத்திருந்தாயே, அதுதான். உன்னை நேராகப் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு முறையும் விரலில் புதிதாக ஒரு பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வருகிறாய். உன் வயதுப் பெண்கள் பை மாட்டிக்கொண்டு போவதை டிவியில் காட்டினால்கூட எழுந்து போய்விடுகிறேன்.

அன்றைக்கு அம்மாவுக்குப் பின்னால் கதவு மூடுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன், நீயும் வருவாய் என்று. பிறகுதான் தண்ணீர் குடித்தேன்.

உன் தட்டு விஷயத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இங்கே பார்க்க வருகிறவர்களையும் நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்கிறார்கள் என்று நீ ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை.

அதனால் திங்கட்கிழமை விடுதிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆகஸ்ட்டில் இடம் தருவார்கள். நீ யாரிடமும் போய் நிற்க வேண்டாம். கப்பல் இன்னும் கொஞ்ச நாள் கடலில் இருக்கட்டும். இது கேலி இல்லை.

அண்ணன்


ஜூலை 1

அண்ணனுக்கு,

விடுதித் தாளைத் திரும்ப வாங்கு. முதலில் அதைச் செய், பிறகு மீதியைப் படி.

எனக்காக என்று எழுதியிருக்கிறாய். என்னைக் கேட்டாயா? நான் பேசமாட்டேன் என்பதற்காக எல்லாரும் என் பதிலையும் சேர்த்து அவர்களே சொல்லிவிடுகிறார்கள். நீயும் அதையே செய்கிறாய். பள்ளிக்கூடத்தை விட்டது பாதி உன்னால், பாதி என்னால். வகுப்பில் கை தூக்க முடியாமல் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தேன். நீ உள்ளே போனது எனக்குச் சாக்காகவும் இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பழி முழுவதையும் நீயே எடுத்துக்கொள்ளாதே.

உன் கடிதம் வந்த மறுநாள், சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் போன பிறகு, செக்கிங் மேஜைக்குப் போனேன். அக்கா ஒரு சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. அண்ணன் கப்பலில் இல்லை என்றேன். "தெரியும், மேல சொல்லு" என்றார். நீ இருக்கிற இடத்தைச் சொன்னேன். குடித்துவிட்டு வேன் ஓட்டியது, சைக்கிள்காரரின் கால், எல்லாம். நடுவில் இரண்டு காலரை முடித்துவிட்டார். நானே இவ்வளவு நீளமாகப் பேசியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கடைசியில் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

அக்கா படித்தார். மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார்.

"நான் பார்க்காத உருப்படிக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேனா?"

இல்லை என்றேன்.

"உன்னைத் தெரியும். அவனைத் தெரியாது. கூட்டிட்டுப் போ, பார்க்கிறேன். பார்த்துட்டு வேணாம்னு தோணினா போட மாட்டேன். அப்ப மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

சரி என்றேன். ஜூலை 11, இரண்டு மணி. அம்மா இந்த மாதம் வரமாட்டாள், இரண்டு பேருக்குத்தானே அனுமதி. பார்வையாளர் பட்டியலில் அக்காவின் பெயரை நீதான் எழுதிக் கொடுக்க வேண்டும், புதன்கிழமைக்குள். சுற்றி வளைத்துப் பேசினால் அவருக்குப் பிடிக்காது. சட்டையில் ஒரு கறை இருந்தால் அதை முதலில் காட்டுகிறவர்களைத்தான் திட்டாமல் விடுவார்.

சுண்டு


ஜூலை 6

சுண்டுவுக்கு,

திரும்ப வாங்கிவிட்டேன். விடுதி இடம் அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. உன் அக்கா வேண்டாம் என்று போனால் டிசம்பர் வரை இங்கேதான். அதை அவரிடம் சொல்லாதே, இரக்கப்பட்டுப் போட்டுவிடப் போகிறார்.

பட்டியலில் பெயர் எழுதியாயிற்று. உறவுமுறை என்ன என்று எழுத்தர் கேட்டார். இன்னும் ஒன்றும் இல்லை, என்னைப் பார்த்துவிட்டு முடிவு செய்வார் என்றேன். பெண் பார்க்கவா என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

நல்ல சட்டை கேட்டிருக்கிறேன். கிடைக்கும் என்று தோன்றவில்லை. பயமாக இருக்கிறது. தீர்ப்பு நாளில்கூட இப்படி இல்லை.

அண்ணன்


ஜூலை 14

அண்ணனுக்கு,

நீ பேசியது அக்காவுக்கு மட்டும்தான் கேட்டது, டெலிபோன் அவர் கையில். நான் பின்னால் நின்றேன். அவர் கேட்ட கேள்விகள் மட்டும் என் காதில் விழுந்தன. சைக்கிள்காரருக்கு இப்ப எந்தக் கால் இல்லை? அந்த ஆளைப் போய்ப் பார்ப்பியா? அவர் விரட்டினா? அதற்கு நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. அக்கா தலையை ஆட்டவும் இல்லை, திட்டவும் இல்லை.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். அக்கா தன் ஹேர்பின்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் குத்திக்கொண்டார். தோட்டைப் போட்டுக்கொள்ள நான் உதவினேன். நாக்கைத் தூக்கச் சொன்னபோது அவர் அந்தப் பெண் காவலரை முறைத்த முறைப்பைச் சொல்ல நேரில்தான் முடியும். மூன்று பஸ்ஸை விட்டார். நான் கேட்கவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் இருக்கப் பார்த்தேன்.

"அந்தத் தாளை எடு" என்றார்.

முதல் வரியிலிருந்து படித்தார். 'மேற்படி நபரை எவ்வளவு காலமாக அறிவீர்கள்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் 'இருபது நிமிடம்' என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து, அதன் கீழே, 'இவர் தங்கையை ஒன்றரை வருடமாக' என்று சேர்த்தார். அக்கா, இப்படி எழுதினால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்றேன். "இல்லாததை எழுதிக் கையெழுத்துப் போடுற பழக்கம் எனக்கு இல்லை" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். செக்கிங் சீட்டில் போடுகிற அதே கையெழுத்து.

நேற்று அரை நாள் லீவு எடுத்துத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். லீவுச் சீட்டில் காரணத்தை உள்ளபடியே எழுதினேன். நெட்டை அதை எட்டிப் பார்த்துப் படித்துவிட்டாள். என் மெஷினில் மீதியிருந்த பன்னிரண்டு உருப்படியை எடுத்துத் தன் மெஷின் பக்கம் வைத்துக்கொண்டாள்.

அரசு அலுவலகத்தில் எனக்குப் பின்னால் வரிசையில் ஏழு பேர். அதில் இரண்டு பேர் நம் தெருக்காரர்கள், ரேஷன் அட்டைக்காக வந்தவர்கள். ஜன்னலில் இருந்தவர் 'இருபது நிமிடம்' என்பதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி படித்தார். உள்ளே எழுந்து போய் யாரிடமோ காட்டினார். திரும்பி வந்து, இப்படி ஒன்றை இதுவரை பார்த்ததில்லை, ஆனால் பொய் என்று தள்ளவும் முடியாது என்று சொல்லிச் சீல் குத்தினார். பதினைந்து நாளில் முடிவு தெரியும். என்ன வரும் என்று என்னால் சொல்ல முடியாது.

பதிவேட்டில் எழுத அவர் யாருக்காக என்று கேட்டார். அண்ணனுக்காக என்றேன். காதில் விழவில்லை. மேலே மின்விசிறி பெரிய சத்தம். யாருக்கு என்று மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். காதைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, "சத்தமாச் சொல்லும்மா" என்றார்.

"எங்கண்ணனுக்கு. ஜெயில்ல இருக்கார். வீட்டுக்கு வரப்போறார்."

வரிசையில் இருந்த எல்லாருக்கும் கேட்டிருக்கும். அவர் எழுதிக்கொண்டார். ரசீதை இத்துடன் வைத்திருக்கிறேன்.

தங்கை